டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் தவறுகிறதா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறையும் லென்ஸ் தேர்வும்

படம் தெளிவாக வரவில்லை என்றதும் லென்ஸை மாற்றத் தோன்றும், அல்லது மெனுவில் ஆட்டோஃபோகஸ் (ஏஎஃப்) விலகலைத் திருத்தும் ஃபைன்-டியூன் வசதியைத் தேடத் தோன்றும். இரண்டும் கடைசியில் செய்ய வேண்டியவை. முதலில் படத்தைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எந்த இடம் கூர்மை, எந்த இடம் மங்கல் என்று பாருங்கள். கை நடுக்கம், ஆள் அசைவு, ஃபோகஸ் தவறு, லென்ஸ் கோளாறு நான்கும் கேமராவின் சின்னத் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு.

கேமராவுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். லென்ஸ் வழியாக வரும் ஒளியில் ஒரு பகுதி முதன்மைக் கண்ணாடியில் பட்டு வியூஃபைண்டருக்குப் போகிறது. அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியைக் கொஞ்சம் ஊடுருவ விடும். அப்படி ஊடுருவும் ஒளி பின்னால் மறைந்திருக்கும் சிறிய இரண்டாவது கண்ணாடியில் பட்டு, கீழே தரைப்பகுதியில் உள்ள ஏஎஃப் சென்சாருக்கு இறங்குகிறது. படம் பதிவாவதோ வேறிடத்தில், பின்னால் இருக்கும் இமேஜ் சென்சாரில். இந்த இரண்டு பாதைகளின் நீளமும் ஒன்றாக இருந்தால்தான் ஏஎஃப் சென்சார் ‘சரி’ என்று சொல்லும் இடம் படத்திலும் சரியாக வரும். அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) எஃப்/1.8-இல் இருந்தால் 0.03 மி.மீ. அளவு விலகினாலே கூர்மை கண்ணுக்குத் தெரியும்படி குறையத் தொடங்கும். லைவ் வியூவில் கண்ணாடி மேலே தூக்கப்பட்டு, இமேஜ் சென்சாரை வைத்தே ஃபோகஸ் நடப்பதால் இந்தச் சிக்கல் அங்கே இல்லை. ஆகவே லைவ் வியூவில் எடுத்த படமே ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான அளவுகோல்.

அறிகுறி: படத்தில் எங்குமே கூர்மை இல்லை

ஃபோகஸ் தவறினால் ஆளின் முகம் மங்கினாலும் தரையிலோ பின்சுவரிலோ ஏதாவது ஒன்று கூர்மையாக இருக்கும். எதுவுமே கூர்மையாக இல்லையென்றால் ஆட்டோஃபோகஸ் மீது பழி போடாதீர்கள். சிறிய ஒளிப்புள்ளிகள் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். ஏபிஎஸ்-சி சென்சாரில் (முழு ஃபிரேமைவிடச் சிறியது) 50 மி.மீ. லென்ஸுக்கு 1/80 விநாடி குறைந்தபட்சம், 250 மி.மீ.க்கு, ஸ்டெபிலைசர் இல்லையென்றால், 1/400. பின்னணி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் அது ஆள் அசைவு. அதை ஸ்டெபிலைசர் தடுக்காது, ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும்.

டெலி லென்ஸில் (தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டுவது) மலிவான யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். 200 மி.மீ.க்கு மேல் அந்த ஒரு கண்ணாடியே கூர்மையைக் கெடுத்துவிடும். உச்சி வெயிலில் தார்ச்சாலை, மொட்டை மாடி, மணல்வெளி ஆகியவற்றுக்கு அப்பால் தொலைவில் இருப்பதை எடுத்தால் கானல் அலை படத்தைக் குழப்பும். அதற்கு எந்த லென்ஸிலும் மருந்தில்லை. காலையில் எடுங்கள், அல்லது அருகே போங்கள்.

வியூஃபைண்டரில் மங்கலாகத் தெரிந்தும் படம் தெளிவாக வருகிறதென்றால் வியூஃபைண்டர் அருகே உள்ள டயாப்டர் சக்கரம் நகர்ந்திருக்கிறது. உள்ளே தெரியும் எழுத்துகளும் ஏஎஃப் புள்ளிகளும் தெளியும்வரை அதைத் திருப்புங்கள். காட்சியைப் பார்த்துத் திருப்பக் கூடாது. டயாப்டர் உங்கள் கண்ணுக்கானது, ஆட்டோஃபோகஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அறிகுறி: ஏதோ ஓரிடம் கூர்மை, ஆனால் படத்துக்குப் படம் இடம் மாறுகிறது

வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கருவியில் பழுது இருக்காது. கேமராவுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று சரியாகச் சொல்லப்பட்டிருக்காது.

ஏஎஃப் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்கும்படி விட்டால், அது பெரும்பாலும் அருகில் இருப்பதையும் மாறுபாடு அதிகம் உள்ளதையும் பிடிக்கும். கல்யாணப் பெண்ணின் முகத்தை எடுக்கும்போது கண்ணை விட்டுவிட்டு நெற்றிச்சுட்டியையோ மாலையையோ பிடிப்பது இதனால்தான். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் ஒன்றை நினைவில் வையுங்கள்: வியூஃபைண்டரில் வரைந்திருக்கும் சின்னச் சதுரத்தைவிட உண்மையான சென்சார் பகுதி பெரியது. முழு உருவமாக நிற்பவரின் கண்மேல் சதுரத்தை வைத்தால் புருவம், மூக்கு, காதோரம் எல்லாமே அதற்குள் வந்துவிடும். அருகே போக முடியாவிட்டால் கண்ணிருக்கும் அதே தளத்தில், கோடுகள் தெளிவாக உள்ள வேறொரு பகுதியில் வையுங்கள்.

புள்ளிகள் எல்லாம் சமமானவை அல்ல. கேனான் 1500டி-யில் 9 புள்ளிகள், குறுக்கு வகை (கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் உணர்வது) நடுப்புள்ளி ஒன்றுதான். நிக்கான் டி3500-இல் 11-க்கு ஒன்று, டி5600-இல் 39-க்கு 9, டி7200-இல் 51-க்கு 15. மற்றவை ஒரு திசைக் கோடுகளை மட்டுமே உணரும். சேலைக் கரை போல ஒரே திசையில் கோடுகள் ஓடும் இடத்தில் அத்தகைய புள்ளி தடுமாறும். கேமராவைச் சற்றே சாய்த்து ஃபோகஸ் பிடித்துவிட்டு நேராக்கிக்கொள்ளலாம்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, பிறகு சட்டகத்தை நகர்த்தும் பழக்கம் பரவலானது. அதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், 1 மீட்டர் தூரம், ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் கூர்மையின் ஆழம் மொத்தம் சுமார் இரண்டரை செ.மீ., அதாவது முன்னால் ஒன்றேகால், பின்னால் ஒன்றேகால். கேமராவை 10 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் ஒன்றரை செ.மீ. போய்விடும். கண் மங்கி, காது கூர்மையாக வரும். இதைப் பார்த்துவிட்டு ‘பேக் ஃபோகஸ்’ என்று லென்ஸைச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. எஃப்/4-க்கு மேல், 2 மீட்டருக்கு அப்பால் இந்த முறை பரவாயில்லை. அருகில், அகலத் திறந்த அப்பர்ச்சரில், கண்ணுக்கு நெருங்கிய புள்ளியைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு காரணம் கேனானில் ஏஐ ஃபோகஸ், நிக்கானில் ஏஎஃப்-ஏ. ஆள் நிற்கிறாரா நகர்கிறாரா என்று கேமராவே ஊகிக்கும் முறை இது, அடிக்கடி தவறாக ஊகிக்கும். நிற்பதற்கு ஒன் ஷாட் அல்லது ஏஎஃப்-எஸ், நகர்வதற்கு ஏஐ சர்வோ அல்லது ஏஎஃப்-சி என்று நீங்களே வையுங்கள். ஒன் ஷாட்டில் ஃபோகஸ் பூட்டிய பின் நீங்கள் மூச்சு வாங்கி முன்னே சாய்ந்தாலும் அந்த ஒன்றேகால் செ.மீ. கரைந்துவிடும்.

அறிகுறி: ஒவ்வொரு படத்திலும் ஒரே பக்கமாக விலகல்

எப்போதும் கண்ணுக்கு முன்னால், அல்லது எப்போதும் பின்னால். இங்கேதான் சோதனையும் திருத்தமும் தேவைப்படுகின்றன. சோதனையை ஒழுங்காகச் செய்யாமல் திருத்தினால் நன்றாக இருந்த லென்ஸும் கெடும்.

அச்சடித்த செய்தித்தாள் பக்கத்தைச் சுவரிலோ பெட்டியிலோ சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கேமரா அதற்கு நேர் எதிரே, டிரைபாடில். பக்கத்தில் ஓர் அடிக்கோலை 45 டிகிரி சாய்த்து, அதன் நடு எண் தாளின் தளத்தோடு ஒன்றும்படி வையுங்கள். புள்ளியைத் தாளின்மேல்தான் வைக்க வேண்டும். சாய்ந்த அடிக்கோலின்மேல் வைத்தால் சென்சார் அதன் எந்த எண்ணைப் பிடித்தது என்றே தெரியாது. இணையத்தில் சுற்றும் சோதனைகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். தூரம் குவியத் தொலைவைப்போல் 25 முதல் 50 மடங்கு: 50 மி.மீ.க்கு ஒன்றேகாலிலிருந்து இரண்டரை மீட்டர். நல்ல பகல் வெளிச்சம், நடுப்புள்ளி, ஒன் ஷாட், அப்பர்ச்சர் முழுத் திறப்பு, ஐஎஸ்ஓ 100, ஸ்டெபிலைசர் அணைப்பு, 2 விநாடி டைமர்.

முதலில் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்து இரண்டு படங்கள் எடுங்கள். பிறகு வியூஃபைண்டர் முறைக்கு வந்து பத்துப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் முன் ஃபோகஸ் வளையத்தைக் கெடுத்துவிட வேண்டும், ஐந்துக்கு முடிவிலிப் பக்கம், ஐந்துக்கு அருகுப் பக்கம். அப்படிச் செய்யாவிட்டால் லென்ஸ் நகராமலே ‘சரி’ என்று சொல்லிவிடும்.

பத்துப் படங்களில் பெரும்பாலானவை ஒரே அளவு ஒரே பக்கம் விலகியிருந்தால் திருத்தம் பலிக்கும். சில முன்னால், சில பின்னால், சில சரி என்று சிதறியிருந்தால் எந்த எண்ணை வைத்தாலும் பலனில்லை, ஏனெனில் திருத்தம் மொத்தக் கூட்டத்தையும் நகர்த்துமே தவிர சிதறலைக் குறைக்காது. சிதறலுக்குக் காரணம் லென்ஸ் மோட்டாரின் நுணுக்கக் குறைவு, வெளிச்சக் குறைவு, அல்லது ஏஎஃப் சென்சார்மேல் தூசி. கண்ணாடிப் பெட்டியைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் ஊதியால் மட்டும் ஊதுங்கள். துணியோ குச்சியோ உள்ளே போகக் கூடாது. அந்தச் சிறிய கண்ணாடியைத் தொட்டால் சிக்கல் பெரிதாகும்.

திருத்தும் வசதி எல்லாப் பாடிகளிலும் (லென்ஸ் நீங்கலான கேமரா) இல்லை. கேனானில் 7டி, 6டி, 70டி, 80டி, 5டி மார்க் 2, மார்க் 3 ஆகியவற்றில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் உண்டு. 60டி-யில் இல்லை, 1500டி, 200டி, 700டி போன்ற தொடக்க நிலைப் பாடிகளிலும் இல்லை. நிக்கானில் டி300, டி7000, டி7100, டி7200, டி610, டி750, டி500, டி850 ஆகியவற்றில் ஏஎஃப் ஃபைன்-டியூன் உண்டு. டி90-யிலும், டி3000, டி5000 வரிசைகளிலும் இல்லை. இருக்கும் இடத்தில் அளவு −20 முதல் +20 வரை. ஃபோகஸ் முன்னால் விழுந்தால் பிளஸ், பின்னால் விழுந்தால் மைனஸ். ஒவ்வோர் எண்ணாக ஏறாதீர்கள். +10 வைத்துப் பாருங்கள். அதிகமானால் +5, போதாவிட்டால் +15, பிறகு இடையில். ஒன்றிரண்டு எண் வித்தியாசம் சோதனையின் பிழைக்குள் அடங்கிவிடும், அதைத் துரத்த வேண்டாம்.

கேனான் மெனுவில் ‘எல்லா லென்ஸுக்கும் ஒரே அளவு’, ‘லென்ஸ் வாரியாக’ என்று இரண்டு வழிகள் உண்டு. இரண்டாவதே சரி. நிக்கானில் எண்ணைச் சேமித்தால் மட்டும் போதாது, ஃபைன்-டியூன் மேலே ‘ஆன்’ நிலையில் இருக்க வேண்டும். டி500, டி850-இல் கேமராவே அளந்து சொல்லும்: லைவ் வியூவில் நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டு ஏஎஃப் மோடு பொத்தானையும் வீடியோ பதிவுப் பொத்தானையும் சேர்த்து 2 விநாடிக்கு மேல் அழுத்துங்கள். ஒரே முறை கிடைத்த எண்ணை நம்ப வேண்டாம். ஏழெட்டு முறை செய்து நடு எண்ணை எடுங்கள்.

எண் 15-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். இன்னும் இரண்டு லென்ஸ்களை அதே பாடியில் சோதியுங்கள். எல்லாமே ஒரே பக்கம் விலகினால் பாடியின் கண்ணாடி அல்லது ஏஎஃப் பகுதி நகர்ந்திருக்கிறது, கீழே விழுந்த கேமராக்களில் இது வழக்கம். ஒன்று மட்டும் விலகினால் அந்த லென்ஸ். கண்ணாடிக்கு அடியில் உள்ள திருகைத் திருப்பி வீட்டிலேயே சரிசெய்யும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள்: அளவுகோல் இல்லாமல் திருப்பிய பிறகு பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்பதற்கு வழியே இருக்காது. சர்வீஸ் மையத்துக்குக் கொடுக்கும்போது பாடியையும் லென்ஸையும் சேர்த்தே கொடுங்கள், சோதனைப் படங்களையும் கொடுங்கள்.

பாடியில் வசதி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. சிக்மாவின் ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் லென்ஸ்களை அதன் யூஎஸ்பி டாக் வழியாகக் கணினியில் இணைத்து லென்ஸுக்குள்ளேயே திருத்தலாம். நான்கு தூரங்களுக்குத் தனித்தனி எண். ஜூம் என்றால் நான்கு குவியத் தொலைவுகளுக்கும் சேர்த்து 16 எண்கள். டாம்ரானின் புதிய லென்ஸ்களுக்கு டாப்-இன் கன்சோல் இருக்கிறது.

அறிகுறி: ஜூமின் ஒரு முனையில் சரி, மறு முனையில் விலகல்

5டி மார்க் 3, 7டி மார்க் 2, 80டி ஆகியவை ஜூமின் அகல முனைக்கும் டெலி முனைக்கும் தனி எண் ஏற்கும். ஒரே எண்தான் வைக்க முடியும் என்றால் அதிகம் பயன்படுத்தும் முனைக்கு வையுங்கள், பெரும்பாலும் அது டெலி முனை. அகல முனையில் ஆழம் அதிகம் என்பதால் சிறு விலகல் மறைந்துவிடும்.

படத்தின் இடப்பக்கம் கூர்மை, வலப்பக்கம் மங்கல் என்றால் அது ஃபோகஸே அல்ல. உள்ளிருக்கும் கண்ணாடித் துண்டு ஒன்று மையம் விலகியிருக்கிறது. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே சுவரை எடுங்கள். மங்கல் படத்தின் அதே பக்கத்தில் இருந்தால் லென்ஸ்தான். சுவரின் அதே பகுதியோடு மங்கலும் போனால் கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை.

மண்டபத்து மஞ்சள் விளக்கில் மட்டும் விலகி, பகலில் சரியாக இருந்தால் பாடியைக் குறை சொல்ல வேண்டாம். ஒளியின் நிறம் மாறும்போது ஏஎஃப் சென்சாரின் கணக்கும் கொஞ்சம் மாறும். வேலையில் பாதி அந்த விளக்கில்தான் என்றால் சோதனையையும் அந்த விளக்கிலேயே செய்யுங்கள்.

அறிகுறி: லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, ஷட்டர் விழவில்லை

ஒன் ஷாட்டில் ஃபோகஸ் கிடைக்காவிட்டால் ஷட்டர் விழாது, அது பழுதல்ல. முதலில் தூரத்தைப் பாருங்கள்: கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸுக்குக் குறைந்தபட்சம் 35 செ.மீ., பழைய இரண்டாம் பதிப்புக்கு 45, 85 மி.மீ. எஃப்/1.8-க்கு 85 செ.மீ. அளப்பது லென்ஸின் முனையிலிருந்து அல்ல, சென்சார் தளத்திலிருந்து. பாடியின் மேலே கோடு குறுக்கிட்ட வட்டக் குறி அதைக் காட்டும். மாக்ரோ, டெலி லென்ஸ்களில் தூர வரம்புச் சுவிட்ச் தவறான நிலையில் இருக்கலாம்.

வெற்றுச் சுவர், மூடுபனி, ஒரே நிறத் துணி ஆகியவற்றில் பிடிக்க எதுவும் இல்லை, ஓரத்தைத் தேடுங்கள். இருட்டில் நடுப்புள்ளியே நம்பகம்: 6டி-யின் நடுப்புள்ளியும் டி750-யும் −3 ஈவி (வெளிச்ச அளவு; எண் குறையக் குறைய இருட்டு) வரை தாங்கும், தொடக்க நிலைப் பாடிகள் அந்த அளவுக்கு வராது. வெளி ஃபிளாஷின் சிவப்பு உதவி ஒளி ஏஐ சர்வோவில் எரியாது, ஒன் ஷாட்டுக்கு மாற்ற வேண்டும்.

போலரைசர் மாட்டியிருக்கிறதா? பழைய நேர்கோட்டு வகையாக இருந்தால், பாதி ஊடுருவும் கண்ணாடியோடு சேர்ந்து ஏஎஃப் சென்சாரை ஏமாற்றும். வட்ட வகைதான் வேண்டும். லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டர் போட்டு லென்ஸ் எஃப்/8 ஆகிவிட்டால் பல பாடிகளில் ஆட்டோஃபோகஸே நின்றுபோகும்.

அறிகுறி: ஆட்டோஃபோகஸ் அசையவே இல்லை

லென்ஸில் ஏஎஃப்/எம்எஃப் சுவிட்ச், நிக்கானின் சில பாடிகளில் லென்ஸ் மவுண்டுக்கு அருகே உள்ள நெம்பு, மெனு என்ற வரிசையில் பாருங்கள். இரண்டாம் கைக் கேமராவாக இருந்தால் முந்தைய உரிமையாளர் ஃபோகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றியிருக்கலாம். ஏஎஃப்-ஆன் அழுத்திப் பாருங்கள். கேனானில் ‘எரர் 01’ வந்தால் லென்ஸின் பொன்னிறத் தொடுமுனைகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடையுங்கள்.

நிக்கானில் பொருத்தமும் ஒரு காரணம். டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 மி.மீ. எஃப்/1.8டி மாட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும், மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் 1.8ஜி லென்ஸ் வேலை செய்யும். ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி90, டி7000, டி5100-இல் ஃபோகஸ் ஆகாது.

அறிகுறி: ஓடுபவர் மட்டும் மங்கல்

ஏஐ சர்வோ அல்லது ஏஎஃப்-சி, 1/1000 விநாடி, நடுப்புள்ளியும் அதைச் சுற்றிய சிறு கூட்டமும். ஆளைப் பிடித்ததும் உடனே அமுக்காமல், அரை விநாடியாவது பாதி அழுத்திப் பின்தொடரவிட்டு எடுங்கள். அடுத்த கணம் ஆள் எங்கிருப்பார் என்று கேமரா கணிக்க அந்த நேரம் தேவை. கபடி போலக் குறுக்கே ஆட்கள் பாயும் ஆட்டங்களில் பின்தொடரும் உணர்திறனைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் முன்னால் வந்த கைக்குத் தாவிவிடும்.

லென்ஸ் வாங்கும்போது

ஆட்டோஃபோகஸ் நடப்பது எப்போதும் முழுத் திறப்பில்தான். எஃப்/8-இல் எடுத்தாலும் ஃபோகஸ் செய்யும் நேரத்தில் எஃப்/1.8 லென்ஸ் எஃப்/5.6 லென்ஸைவிட அதிக ஒளி தருகிறது. ஆனால் பெரும்பாலான ஏஎஃப் புள்ளிகள் எஃப்/5.6 அளவுக்குள் வரும் கதிர்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. 700டி, 80டி போன்றவற்றின் நடுப்புள்ளி எஃப்/2.8 லென்ஸுக்குக் கூடுதல் துல்லியம் தரும், அதற்கு மேல் இல்லை. ஆகவே எஃப்/1.4 லென்ஸ் வாங்கினால் துல்லியம் கூடாது. தவறு தெரியும் வாய்ப்புதான் கூடும்.

திருத்தும் வசதி இல்லாத பாடிக்கு எஃப்/1.8-ஐவிட அகலத் திறக்கும் லென்ஸ் வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. கேனானில் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் 2015-இல் வந்தது. 1990-இல் வந்த இரண்டாம் பதிப்பைவிட ஃபோகஸ் நிதானமானது. பழையது மலிவாகக் கிடைத்தாலும் சிதறல் அதிகம். வீட்டுக்குள் 50 மி.மீ. நெருக்கமாகத் தெரியும், ஏபிஎஸ்-சி-யில் அது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். நிக்கானில் அந்த இடத்துக்கு ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி, கேனானில் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம். சிக்மா 18-35 மி.மீ. எஃப்/1.8 ஆர்ட் படக் கூர்மையில் அபாரம், வியூஃபைண்டர் ஃபோகஸில் தடுமாற்றம் உண்டு. டாக்கையும் சேர்த்து வாங்குங்கள். லைவ் வியூவிலேயே வேலை செய்பவர்களுக்கு, 70டி-யில் தொடங்கி 80டி, 200டி என வந்த டூயல் பிக்சல் (இமேஜ் சென்சாரிலேயே வேகமாக ஃபோகஸ் செய்யும் முறை) பாடிகளில் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் மறையும்.

இரண்டாம் கை லென்ஸைக் கடையிலேயே உங்கள் பாடியில் மாட்டி, அந்தச் செய்தித்தாள் சோதனையின் சுருக்க வடிவத்தை, லைவ் வியூவில் ஒன்று, வியூஃபைண்டரில் ஐந்து என்று செய்து பாருங்கள். சிதறினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஒரே பக்கம் விலகினால் உங்கள் பாடி திருத்துமா என்று யோசித்து முடிவெடுங்கள். அப்பர்ச்சரைத் திறந்து பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அலமாரியில் கிடந்த லென்ஸ்களில் இது சாதாரணம். ஒன்றிரண்டு தூசித் துகள்களால் படத்துக்குக் கேடில்லை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.